வேலையை விடாமல் பிஎச்டி: டர்பன் ஆலையிலிருந்து சில குறிப்புகள்

ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்டி முடிக்க முடியுமா என்று ஊரிலிருந்து ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஓர் எதிர்க்கேள்வி கேட்பேன். நீங்கள் ஆராயப்போகும் பொருளை உங்கள் கம்பெனி நாளைக்கே கைவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? பதில் இருந்தால் தாராளமாக இறங்கலாம். இல்லையென்றால் கைடைத் தேடுவதற்கு முன்னால் அந்தப் பதிலைத் தேடுங்கள். எனக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆலையிலேயே தலை நரைத்த ஒரு உற்பத்தி மேலாளர். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே பாதி வழியில் பொருள் போய்விட்டது, ஆனால் ஆய்வு பிழைத்துக்கொண்டது.

நான் சென்னை ஏ.சி.டெக்கில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். எம்.டெக் முடித்துவிட்டுச் சில வருஷம் ஷாம்பு, சோப்பு ஆலைகளில் இருந்தேன். கணவருக்கு டர்பன் துறைமுகப் பக்கம் வேலை கிடைத்ததால் தென்னாப்பிரிக்கா வந்தோம். நகரத்துக்குத் தெற்கே ஜேக்கப்ஸ், மொபேனி, பிராஸ்பெக்டன் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், உடம்புக்குப் பூசும் கிரீமும் முடிக்கான கண்டிஷனரும் செய்கிற ஓர் ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர்ப் பட்டத்துக்கு, இந்த நாட்டின் கல்வித் தகுதி ஆணையமான சாக்வாவிடம் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும். அதற்கு நாள் ஆகும். பிஎச்டி எண்ணம் இருப்பவர்கள் முதல் வேலையாக அதைப் போட்டு வையுங்கள். எம்.டெக் இந்த நாட்டின் கணக்கில் ஒன்பதாம் நிலையில் வந்தால்தான் பத்தாம் நிலையான பிஎச்டிக்குக் கதவு திறக்கும்.

என் துறை ஃபார்முலேஷன் இன்ஜினியரிங். கிரீம், பெயிண்ட், மயோனைஸ், சலவைத் திரவம், பூச்சிமருந்து என்று பல சேர்மானங்களைக் கலந்து செய்யும் பொருள் எல்லாம் இதில் அடங்கும். சேர்மானப் பட்டியலை வேதியியல்காரர்கள் தருவார்கள். அதே பட்டியலை, அதே அளவில், எந்த வேகத்தில் கலக்குகிறோம், எந்த வெப்பத்தில் சேர்க்கிறோம், எப்படி ஆறவிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பேட்ச் கெட்டிக் கிரீமாக நிற்கும், இன்னொன்று தண்ணியாக ஓடும். அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

பிரிட்டனில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. 1992இல் அங்கே இன்ஜிடி என்ற பொறியியல் முனைவர் பட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கு வருஷம், அதில் முக்கால்வாசி நேரம் மாணவர் கம்பெனியில் இருப்பார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஃபார்முலேஷன் இன்ஜினியரிங்குக்கென்றே இந்தப் படிப்புக்கான மையம் உருவானது. அங்கே உதவித்தொகை, வகுப்புகள், கூடவே படிக்கும் கூட்டம் எல்லாம் அமைப்பாக இருக்கும். டர்பனில் அந்த வசதி கிடையாது. இங்கே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேலையில் இருப்பவர்கள் வழக்கமான பிஎச்டியையோ பொறியியல் முனைவர் பட்டத்தையோ பகுதி நேரமாகப் பதிவு செய்துகொண்டு, மற்ற ஏற்பாடுகளைத் தாங்களே செய்துகொள்ளவேண்டும். இது குறை என்று தோன்றலாம். ஆனால் விதிகளை நீங்களே எழுதிக்கொள்ள இடம் கிடைக்கிறது. எழுதத் தெரிந்தால் லாபம்.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் 3600 மணி நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்கினால் 240 வாரம், அதாவது நாலரை வருஷத்துக்கு மேல். வாரம் 15 மணி நேரத்தை அலுவலகம் முடிந்த பிறகு மட்டும் எடுக்கலாம் என்று நினைக்கிற குடும்பஸ்தர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் வாரத்தில் ஒரு முழு வேலைநாளைப் பல்கலைக்கழகத்துக்கென்று கடிதத்தில் எழுதி வாங்கினேன். வாய் வார்த்தையாக மேலாளர் தருகிற நாள், அடுத்த ஆடிட் வரும்போது காணாமல் போய்விடும். எழுதிக் கொடுத்த நாளும் சில வாரம் போகத்தான் செய்யும். ஆனால் போனதை அடுத்த வாரம் திருப்பிக் கேட்கலாம்.

இனி, பொருளைக் கைவிட்டால் என்ன மிஞ்சும் என்ற அந்த முதல் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனி அப்போது ஒரு புதிய பாடி கிரீம் கொண்டுவர முயன்றது. லேபில் ஒரு லிட்டர் பீக்கரில் அழகாக வந்த கிரீம், ஆலையின் இரண்டு டன் வெசலில், அதாவது பெரிய கலக்கும் கலனில், செய்தால் தளர்ந்துபோனது. ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் சில பேட்ச் தானாகக் கெட்டியாகும், சில ஆகாது. “இந்தக் கிரீமைச் சரிசெய்” என்பதுதான் கம்பெனியின் தேவை. அதையே ஆய்வுத் தலைப்பாக வைத்திருந்தால் கிரீம் சரியானதும் ஆய்வு முடிந்துவிடும், கிரீம் ரத்தானாலும் ஆய்வு முடிந்துவிடும். அதனால் என் கைடும் நானும் ஒரு படி கீழே இறங்கினோம். இந்தக் கிரீமைக் கெட்டியாக வைத்திருப்பது எது?

செட்டோஸ்டியரில் ஆல்கஹால் என்ற மெழுகு போன்ற பொருள் இந்த வகைக் கிரீம்களில் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் பாமாயிலிலிருந்து செய்வது. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் சாராயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கையில் எடுத்தால் மெழுகுச் சீவல் மாதிரி இருக்கும். எழுபது டிகிரிக்கு மேல் உருக்கி, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைத்திருக்கும் எமல்சிஃபையருடன் தண்ணீரில் கலந்து ஆறவிடும்போது அது அடுக்கடுக்கான படலங்களாக உறையும். அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் பிடிபட்டு நிற்கும். கிரீமின் கெட்டித்தன்மையில் பெரும்பங்கு அந்த அடுக்குகளிலிருந்து வருகிறது, எண்ணெய்த் துளிகளிலிருந்து அல்ல. எந்த வேகத்தில் ஆறினால் அடுக்குகள் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கலக்கினால் அடுக்கு உடையும் என்பது என் ஆய்வுக் கேள்வி ஆனது. அதில் கிரீமின் பெயரும் இல்லை, கம்பெனியின் பெயரும் இல்லை.

லேபுக்கும் வெசலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். கலக்கும் வேகத்தைப் பொருத்துவது சுலபம். லேபில் வேகமாகக் கலக்கும் கருவியான ஹோமோஜெனைசரின் ரோட்டார், அதாவது சுழலும் தலை, 30 மில்லிமீட்டர் அகலம், 8000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 12.6 மீட்டர் வேகத்தில் போகும். ஆலையில் 200 மில்லிமீட்டர் ரோட்டாருக்கு அதே விளிம்பு வேகம் 1200 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். ஆறும் வேகத்தை அப்படிப் பொருத்த முடியாது. கொள்ளளவு 2000 மடங்கு ஆகும்போது, வடிவம் ஒன்றே என்றால், நீளம் 12.6 மடங்குதான் கூடும். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர்ப் பரப்பு அதே 12.6 மடங்கு குறைந்துவிடும். பீக்கரில் இருபது நிமிஷத்தில் ஆறியது, வெசலில் நாலு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கிரீம் கெட்டியாக ஆக, சுவரை ஒட்டி ஒரு தடித்த படலம் நின்றுகொண்டு வெப்பம் வெளியேறுவதை இன்னும் தடுக்கும். ஆடி மாதம் இங்கே மாரியம்மன் கோவில்களில் பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சுவார்கள், போரிஜ் பிரேயர்ஸ் என்று ஊரே சொல்லும். அண்டாக் கூழ் மேலே ஏடு கட்டிய பிறகும் நடுவில் கொதிக்கும், டம்ளரில் ஊற்றிய கூழோ கை பொறுக்கும் சூட்டுக்கு உடனே வந்துவிடும். எங்கள் இயக்குநர் குழுவுக்கு என் ஆய்வை விளக்கியபோது நான் காட்டிய வரைபடங்களைவிட இந்தக் கூழ்தான் வேலை செய்தது. அந்தக் குழுவில் பாதிப்பேர் கோவெண்டர்களும் பிள்ளைகளும் நாயுடுகளும். 1860இல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறத் தொடங்கியவர்களின் வம்சம். தமிழ் பேச வராது, ஆனால் அண்டா தெரியும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டித்தன்மையை அளக்கும் ரியோமீட்டர், உருகுவதையும் உறைவதையும் அளக்கும் டிஎஸ்சி எல்லாம் பல்கலைக்கழகத்தில் முறை வைத்துக் கிடைக்கும். ஆலை லேபில் நான் அதிகம் நம்பியது ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப்பையும் அதில் மாட்டிய, ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரண்டு போலரைஸர் தகடுகளையும்தான். அடுக்குப் படலம் சரியாக உருவாகியிருந்தால் இருட்டுப் பின்னணியில் சிலுவை போட்ட வட்டங்கள் மின்னும். மால்ட்டீஸ் சிலுவை என்பார்கள். பேட்ச் முடிந்து ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மலிவான கருவியில் எடுத்த படங்கள்தான் எனக்கு ஓர் அத்தியாயமே ஆயின.

அதைவிட மலிவான ஒரு கருவியை எனக்குக் காட்டியவர் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர். ஜூலு பேசுபவர், அந்த வெசலோடு பல வருஷம் பழகியவர். கிரீம் “பிடிக்கும்” நேரத்தைத் தெர்மாமீட்டர் பார்க்காமலே சொல்வார். மோட்டார் சத்தம் மாறுகிறது, பேனலில் ஆம்பியர் முள் ஏறுகிறது என்றார். போய்ப் பார்த்தால் உண்மை. அடுக்கு உருவாகும் இடத்தில் கலக்கியின் மோட்டார் இழுக்கும் கரண்ட் திடீரென்று கூடுகிறது. அந்தக் கரண்டைப் பதிவு செய்ய ஆரம்பித்ததும், வெசலுக்குள் எதையும் நுழைக்காமலே கெட்டித்தன்மையின் போக்கைப் பார்க்க முடிந்தது. பேட்ச் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது நல்ல பேட்சும் கெட்ட பேட்சும் அந்த ஏற்றத்திலேயே பிரிந்து நின்றன. ஆலையில் ஆய்வு செய்கிறவர்கள் காலை ஷிஃப்டில் மட்டும் தலை காட்டினால் இதெல்லாம் கிடைக்காது. ஜூலுவில் வணக்கத்துக்கு “ஸாவுபோனா” சொல்லக் கற்றுக்கொண்டு, ராத்திரி ஷிஃப்டில் சும்மா போய் நில்லுங்கள். நோட்டுப் புத்தகத்தை உடனே திறக்காதீர்கள். எழுதி வைத்து மேலிடத்தில் சொல்லப்போகிறாள் என்று நினைத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது ஒப்பந்தம். இதில் நான் நீட்டி முழக்கப்போகிறேன், ஏனென்றால் என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப்பேர் இதைக் கேட்பதே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் அறிவுசார் சொத்துக்கு 2008இல் ஒரு தனிச்சட்டம் போட்டார்கள், 51ஆம் எண் சட்டம். பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வில் பிறக்கும் கண்டுபிடிப்பு இயல்பாகப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். கம்பெனி முழுச் செலவையும் கொடுத்தால் மட்டும் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து வெளியே வரலாம். முழுச் செலவு என்றால் ரசாயனமும் மாணவர் கட்டணமும் மட்டுமல்ல. கைடின் நேரம், கட்டடம், மின்சாரம், கருவித் தேய்மானம் எல்லாம் அதில் சேரும். கம்பெனிகள் பெரும்பாலும் “கட்டணம் நாங்கள் கட்டுகிறோமே, கண்டுபிடிப்பு எங்களுடையதுதானே” என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் வேறு கணக்கு சொல்லும். இரண்டு பக்க வக்கீல்களும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது மாணவர் நடுவில் மாட்டிக்கொள்வார், பதிவு தள்ளிப்போகும். முழுச் செலவா, பங்குச் செலவா, கூட்டு உரிமையா என்பதைப் பதிவுக்கு முன்பே முடித்துவிடவேண்டும்.

எங்கள் விஷயத்தில் ஒரு சுலபமான வழி கிடைத்தது. ஆய்வேட்டில் கம்பெனியின் உண்மையான கிரீமே வராது. தண்ணீர், செட்டோஸ்டியரில் ஆல்கஹால், ஓர் எமல்சிஃபையர், கொஞ்சம் கிளிசரின் என்று யாரும் கடையில் வாங்கக்கூடிய நாலு பொருளில் ஒரு மாதிரிக் கலவை. பல்கலைக்கழகத்தில் அதைத்தான் ஆராய்ந்தேன், அதைப் பற்றித்தான் எழுதினேன். வாசனை, மூலிகைச் சாறு, கம்பெனியின் ரகசியச் சேர்மானம் எல்லாம் ஆலைக்குள்ளேயே நின்றன. மாதிரியில் புரிந்ததை ஆலையில் உண்மையான கிரீமுக்குப் பொருத்துவது என் சம்பள வேலை. இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் புத்தகம், தனித்தனி கோப்பு. இப்படிப் பிரித்தால் ஆய்வு வெறும் பொம்மைக் கலவையில் நின்றுவிடாதா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பத்துச் சேர்மானம் உள்ள கிரீமில் எது எதைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். நாலில் தெரிந்த பிறகு பத்துக்குப் போவதுதான் எனக்குச் சரியென்று பட்டது.

கட்டுரை வெளியிடுவது பற்றியும் ஒரு வரி எழுதி வாங்கினோம். கட்டுரையின் வரைவைக் கம்பெனிக்கு அனுப்பி முப்பது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். இந்த ஒரு வரி இல்லாமல், மார்க்கெட்டிங்கில் யாரோ ஒருவர் விடுப்பு முடிந்து வருவதற்காக மாதக்கணக்கில் கட்டுரையை வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் தற்காலிக விண்ணப்பம், அப்புறம் கட்டுரை, மாநாடு, ஆய்வேடு. முந்திக்கொண்டு ஒரு போஸ்டரில் போட்டுவிட்டாலும் புதுமை போய்விடும். ஆய்வேட்டைச் சில காலம் நூலகத்தில் பூட்டி வைக்கவும் கேட்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

வரி விஷயம் கம்பெனி நிதித் துறையிடம் பேசும்போது உங்களுக்கு உதவும். வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவில் தகுதியான ஆராய்ச்சிச் செலவுக்கு 150 சதவீதம் கழிவு உண்டு, முன் அனுமதி வாங்கவேண்டும். வழக்கமான தரச் சோதனையும் சந்தை ஆய்வும் அதில் வராது. இந்தப் பேட்ச் ஏன் தளர்ந்தது என்று பார்ப்பது வழக்கமான சோதனை மாதிரி தெரியும். படலம் எப்படி உருவாகிறது என்று தெரியாததைத் தேடுவது ஆராய்ச்சி. கேள்வியை ஒரு படி கீழே இறக்கியதற்கு இதிலும் பலன் இருந்தது. கணக்காளர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2019இல் பதிவு செய்தேன். அதன் பிறகு டர்பனில் நடந்ததெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஆலை முழுக்கச் சானிடைசருக்குத் திரும்பியது, ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமருக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, ஜெல்லுக்கு மாற்றுத் தேடி ஓடியதில் ஆய்வு மாதக்கணக்கில் தூங்கியது. 2021 ஜூலையில் கலவரம், கிடங்குகள் எரிந்தன. 2022 ஏப்ரலில் வெள்ளம், நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், தெற்குப் பக்கத் தொழிற்பேட்டைகளில் தண்ணீர் புகுந்தது. எங்கள் ஆலை தப்பியது என்றாலும் கரண்ட் போய், நாற்பது டிகிரியில் மூன்று மாதம் வைக்கவேண்டிய சாம்பிள்கள் கெட்டுப்போயின. நல்லவேளை, ஒவ்வொரு பேட்சின் சாம்பிளிலும் பாதியைப் பல்கலைக்கழக அறையிலும் வைக்கும் பழக்கம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த ஒரு ஆன்ட்டியால் வந்திருந்தது. டர்பனில் இந்திய வம்சத்தினர் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதிக்காரர், எதையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டார். சாம்பிளை மட்டுமல்ல, பேட்ச் பதிவுகளையும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

2023 லோட் ஷெடிங், அதாவது முறை வைத்த மின்வெட்டு, எல்லாவற்றையும்விட மோசம். வெசல் ஆறிக்கொண்டிருக்கும்போது இரண்டு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம் கரண்ட் இருக்காது. கலக்கி நின்றுவிடும், கிரீம் சுவரோரத்தில் உறையும். ஆலைக்கு நஷ்டம்தான். ஆனால் கலக்காமல் ஆறினால் என்ன ஆகும் என்ற சோதனையை இரண்டு டன்னில் செய்ய எந்தக் கம்பெனியும் அனுமதி கொடுக்காது, அரசு மின்சாரக் கம்பெனியான எஸ்காம் இலவசமாகச் செய்து கொடுத்தது. அப்படி நின்ற பேட்சுகளை ஓரத்திலும் நடுவிலும் தனித்தனியாகச் சாம்பிள் எடுத்தேன். ஆலைக் கோளாறு எதுவும் ஆய்வாளருக்கு ஒரு தரவு. ஜெனரேட்டர் வாங்கவேண்டும் என்று நிர்வாகத்திடம் பேசும்போது மட்டும் இதைச் சொல்லாதீர்கள்.

பொருள் போன கதைக்கு வருகிறேன். மூன்றாவது வருஷம் போல அந்தப் பாடி கிரீமை மார்க்கெட்டிங் நிறுத்திவிட்டது. காரணம் விலை. ஆய்வில் வந்த எதுவும் அல்ல. முடிவு ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஸ்லைடாக வந்தது. என் மேலாளர் என்னைத்தான் பார்த்தார். நான் எழுந்து, அடுத்த வருஷம் வரவிருந்த கண்டிஷனரிலும் அதே செட்டோஸ்டியரில் ஆல்கஹால்தான் இருக்கிறது, அதே வெசலில்தான் செய்யப்போகிறோம், ஆறும் கேள்வி அப்படியே இருக்கிறது என்று சொன்னேன். எமல்சிஃபையர் மட்டும் மாறும். பாடி கிரீமில் மின்னூட்டம் இல்லாத வகை. கண்டிஷனரில் நேர்மின்னூட்டம் உள்ள வகை, முடியில் ஒட்டுவதற்காக. மின்னூட்டம் வந்ததும் அடுக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும், நடுவில் இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கும். கொஞ்சம் உப்புப் போட்டால் அந்தத் தள்ளல் அடங்கித் தண்ணீர் வெளியேறும். இரண்டு வகையையும் ஒப்பிட்டு எழுதிய அத்தியாயம்தான் என் ஆய்வேட்டிலேயே தேர்வாளர்கள் பாராட்டியது. பாடி கிரீம் சந்தைக்கு வந்திருந்தால் அந்த அத்தியாயம் இருந்திருக்காது.

வேறொரு விஷயமும் ஆலையில் இருந்ததால்தான் கிடைத்தது. கண்டிஷனர் டப்பா டர்பனில் நன்றாக இருக்கும், ஜோஹன்னஸ்பர்க் போனதும் மூடி உப்புகிறது என்று புகார். என்3 சாலையில் லாரி கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 1700 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. டர்பனில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 83 போலத்தான். கிரீமுக்குள் மாட்டிய காற்றுக் குமிழிகள் ஐந்தில் ஒரு பங்கு பெருக்கும். வெற்றிடத்தில் காற்றை எடுக்கும் கட்டத்தை நேரம் மிச்சம் பிடிக்கச் சுருக்கியிருந்தார்கள். படலம் உறைந்த பிறகு காற்றை எடுக்கவும் முடியாது, குமிழி நகராது. எந்த வெப்பநிலையில் வெற்றிடம் போடவேண்டும் என்பதற்கு என் ஆம்பியர் வரைபடத்தில் பதில் இருந்தது. ஆய்வேட்டுக்கு இது ஒரு பத்தி. கம்பெனியில் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது அந்தப் பத்திதான்.

இரண்டு கைடுகள் உங்களுக்கு இருப்பார்கள், ஒருவர் பல்கலைக்கழகத்தில், ஒருவர் ஆலையில். இருவரையும் தனித்தனியாகச் சந்தித்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் தூதர் வேலையை ஏற்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவரும் ஒரே அறையில் உட்காரவேண்டும், முடிவுகளை அன்றே ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். ஆலைக் கைடு வேலை மாறிப் போவார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். என்னுடையவரும் போனார். அடுத்து வந்தவருக்கு அந்த ஒரு பக்கக் குறிப்புகளைக் கொடுத்தேன், கதை சொல்லவேண்டியிருக்கவில்லை.

வீட்டைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். பையன் சின்னவன், மாமியார் ஊரில். சனிக்கிழமை காலை அவனைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு அந்தக் கோவில் மண்டபத்திலேயே ஒரு மூலையில் லேப்டாப்பைத் திறந்துகொள்வேன். புரட்டாசியில் அங்கே சாப்பாடும் கிடைக்கும், இங்கே அந்த மாதம் முழுக்க மீன், கறி தொடாத குடும்பங்கள் நிறைய. ஞாயிறு முழுக்க எழுதுவதில்லை என்று கணவரிடம் சொன்னதைப் பெரும்பாலும் காப்பாற்றினேன்.

எழுதும் கட்டத்தில் ஆலைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நாம் அறிக்கை எழுதிப் பழகியவர்கள். முடிவை முதல் பக்கத்தில் போட்டு, மேலாளர் இரண்டு நிமிஷத்தில் படிக்கும்படி எழுதுவோம். ஆய்வேடு படிக்கிறவர் சந்தேகப்படத்தான் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இந்த வேகம், ஏன் இந்த வெப்பம், வேறு காரணம் இருக்க முடியாதா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் பதில் எழுதியிருக்கவேண்டும். என் கைடு முதல் வரைவைப் பார்த்து, “இது நல்ல ரிப்போர்ட், இதில் சந்தேகமே இல்லையே” என்றார். பாராட்டு இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. வெசல் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாததால், லேபில் மூன்று முறை செய்ததையும் ஆலையில் ஒருமுறை நடந்ததையும் ஒரே வரைபடத்தில் கலக்காமல் தனித்தனியாகக் காட்டினேன். தேர்வாளர்கள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள்.

என் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு கிடையாது. இந்த நாட்டில் பல இடங்களில் அப்படித்தான். ஆய்வேடு வெளித் தேர்வாளர்களுக்குப் போகும், அவர்கள் எழுத்தில் அறிக்கை அனுப்புவார்கள், திருத்தம் சொல்வார்கள். நேரில் விளக்க வாய்ப்பில்லை என்பதால் எழுதியதே உங்களுக்காகப் பேசவேண்டும். அறிக்கை வர மாதங்கள் ஆகும், அந்த நேரத்தில் புதுச் சோதனை எதையும் ஆரம்பிக்காதீர்கள். திருத்தத்துக்கு நேரம் வேண்டும்.

பட்டம் வந்தால் சம்பளம் தானாக ஏறாது. எந்தப் பதவிக்கு நகர்த்துவார்கள் என்பதைத் தொடங்கும்போதே பேசி வையுங்கள், முடித்த பிறகு பேசினால் “வாழ்த்துகள்” என்பதோடு நின்றுவிடும். கம்பெனி கட்டணம் கட்டினால் பாண்ட் கேட்பார்கள், முடித்த பிறகு இத்தனை வருஷம் இருக்கவேண்டும், நடுவில் போனால் பணத்தைத் திருப்பவேண்டும் என்று. கேட்பது நியாயம்தான். ஆனால் என்னிடம் முதலில் நீட்டிய தாளில், கடைசி மாதத்தில் போனாலும் முழுத் தொகை என்று இருந்தது. மாதா மாதம் தொகை குறையும்படியும், கம்பெனியே என்னை வேலையிலிருந்து நிறுத்தினால் பாண்ட் ரத்தாகும்படியும் மாற்றச் சொன்னேன். மனிதவளத் துறையில் யாரும் மறுக்கவில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றுதான் சொன்னார்கள்.